தோட்டத்துச் சிட்டுகள்: கேள்வி பதில்

தேனி: அண்ணா, கோடையில் கருநீலமாக மின்னிய தேன்சிட்டு ஐப்பசியில் மஞ்சள் வயிறும், நெஞ்சில் ஒரு கறுப்புக் கோடுமாக வருகிறது. வேறு பறவையா?

ஊதாத் தேன்சிட்டின் ஆண்தான். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் மின்னும் இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெட்டையைப் போல மங்கிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை இறங்கும் கருங்கோடுதான் ஆண் என்று காட்டிக்கொடுக்கும். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு ஆணுக்கு இந்த மாற்றம் கிடையாது. வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள், திட்டுத்திட்டாக மீண்டும் கறுப்பு ஏறுவதைப் பார்க்கலாம்.

மதுரை: எந்த கேமரா வாங்குவது?

400 மி.மீ. வரை போகும் லென்ஸ் இருந்தால் எந்த கேமராவும் சரி.

சேலம்: கிளையில் உட்கார்ந்த சிட்டு படத்தில் கறுப்பு நிழலாகவே விழுகிறது.

பின்னால் வானம் வெளுத்திருப்பதால் கேமரா ஏமாறுகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 கூட்டுங்கள். அதைவிட, காலையில் சூரியனுக்கு முதுகு காட்டி, பூத்த இட்லிப்பூச் செடி அருகே உட்கார்ந்துவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/1600 நொடிக்குக் குறைய வேண்டாம்.

திருவாரூர்: வாதாங்கன்றில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. ஓர் இலையை விலக்கினால் குஞ்சுகள் தெரியும். விலக்கலாமா சார்?

கூடவே கூடாது. அந்தத் தையலைத் தள்ளி நின்று தொலைநோக்கியில் பாருங்கள். அலகால் இலை ஓரத்தில் துளையிட்டு, பஞ்சையோ சிலந்தி நூலையோ நுழைத்திருக்கும். நூலின் நுனி வெளியே பிசிறிப் பிரிந்து நிற்பதால்தான் நழுவாமல் பிடிக்கிறது. இலையின் பச்சைப்புறம் வெளியே இருப்பதால் கூடு கண்ணில் படாது. நீங்கள் விலக்கும் அந்த ஓர் இலைதான் குஞ்சுக்கு நிழலும் மறைவும். அது போனால் உச்சிவெயில் நேராக இறங்கும். காகமும் செண்பகமும் பார்த்துவிடும்.

நாகர்கோவில்: தொட்டிச்செடியில் சின்னான் (புல்புல்) கூடு. ஃப்ளாஷ் போடலாமா?

வேண்டாம். திருவாரூருக்குச் சொன்னதையே படியுங்கள்.

திருச்சி: அந்தக் காலத்தில் கூட்டருகே மறைப்புக் கட்டி எடுத்தார்களே, அதுமட்டும் சரியா?

நல்ல கேள்வி. அன்று லென்ஸ் எட்டாது, கிட்டப் போயே ஆகவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் மறைப்பைத் தூரத்தில் வைத்து, பறவை பழகப் பழக நாள் கணக்கில் நகர்த்துவார்கள். இன்று அந்தத் தேவையே இல்லை. அப்புறம், இடத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டமே வந்து நிற்கும். ஒருவர் ஐந்து நிமிடம் நின்றால் தாய் பொறுக்கலாம். ஒருவர் மாற்றி ஒருவர் நின்றால் இரை கொண்டுவர முடியாமல் தவிக்கும்.

திருச்சி: வராந்தாவில் கட்டிய கூட்டைத் தினமும் கடந்து போகிறோமே?

கடந்து போவது வேறு, நின்று உற்றுப் பார்ப்பது வேறு. அறைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். இடத்தை மட்டும் வெளியில் சொல்லாதீர்கள்.

கோவை: போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கலாமா?

வேண்டாம். எதிராளி வந்துவிட்டான் என்று ஆண் பறவை இரை தேடுவதை விட்டு ஓடிவரும். மெர்லின் செயலியைக் குரல் அடையாளம் காண மட்டும் வையுங்கள்.

கரூர்: புள்ளிச்சில்லை ஜோடி வாங்கிக் கூண்டில் வளர்க்க ஆசை.

சட்டப்படி குற்றம்: வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972.

விழுப்புரம்: மருதாணிச் செடியில் கூடு, கிட்டே போய்…

போகாதீர்கள்.

தஞ்சாவூர்: தேன்சிட்டு பைக் கண்ணாடியை விடாமல் கொத்துகிறது.

தன் பிம்பத்தை வேறொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. வண்டியை நிறுத்தியதும் கண்ணாடிமேல் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள்.