அலுவலகத்தில் கழித்த டெஸ்க்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 3060 போட முடியுமா? எஸ்எம்பிஎஸ், ரேம், கார்டு ஆகியவற்றில் எதை முதலில் வாங்க வேண்டும்?

நீங்கள் வாங்கியிருப்பது அலுவலகப் பயன்பாட்டிலிருந்து கழித்து விற்கப்பட்ட, பெரிய நிறுவனத் தயாரிப்பான மினி டவர் டெஸ்க்டாப். அதில் ஐ5-8500 ப்ராசஸரும் 8 ஜிபி ரேமும் 260 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருப்பதாகச் சொல்கிறீர்கள். வீடியோ எடிட்டிங்குக்கும் கேம்களுக்கும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு போடலாமா, எதிலிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி. போடலாம், ஆனால் கார்டை முதலில் வாங்காதீர்கள். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மீது ஒட்டியிருக்கும் லேபிளையும் அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயர்களையும் பார்த்த பிறகுதான் பணத்தை எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை மகனுக்காக இதே போன்ற டெஸ்க்டாப் ஒன்றை மாற்றியமைத்தபோது நான் கார்டை முதலில் வாங்கிவிட்டேன். மூன்று வாரம் அது உறை பிரிக்காமலே கிடந்தது.

லேபிளில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மொத்த வாட் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது. கிராபிக்ஸ் கார்டும் ப்ராசஸரும் மின்சாரத்தை 12 வோல்ட் வழியாகவே எடுத்துக்கொள்கின்றன என்பதால், 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேராக எத்தனை ஆம்பியர் எழுதியிருக்கிறது என்று பார்த்து அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றிருந்தால் 12 வோல்ட்டில் கிடைப்பது 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 மட்டுமே 170 வாட் வரை எடுக்கும், உங்கள் ப்ராசஸரின் கணக்கு 65 வாட், அதற்கு மேல் மதர்போர்டு, டிஸ்க், விசிறிகள் இருக்கின்றன. ஆகவே 260 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கார்டுக்கு இடமே இல்லை. கார்டுகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தம் அளவை மீறி மின்சாரத்தை இழுப்பதும் உண்டு. கார்டின் தயாரிப்பாளரான என்விடியா இந்தக் கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வேண்டும் என்று சொல்வதில் அந்த இடைவெளியும் அடங்கியிருக்கிறது.

அப்படியானால் 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புதிய எஸ்எம்பிஎஸ்ஸை மேசையில் வைத்து மதர்போர்டுக்குப் போகும் அதன் 24 பின் (24 உலோக முனை) வயரைக் கையில் எடுத்துக்கொண்டு கேபினெட்டுக்குள் பார்த்தால், மதர்போர்டில் 24 பின் சாக்கெட்டே இல்லை. அந்த இடத்தில் ஒரு 6 பின் சாக்கெட்டும், ப்ராசஸருக்கு அருகே ஒரு 4 பின் சாக்கெட்டும் மட்டுமே இருந்தன. ஹார்ட் டிஸ்க்குக்கான மின்சாரம்கூட மதர்போர்டிலிருந்தே ஒரு சிறிய வயர் வழியாகப் போனது. எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டை மட்டும் கொடுக்க, 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் மதர்போர்டே தயாரித்துக்கொள்ளும் முறை இது. இன்டெல் 2019-இல் இதை 10 பின் கொண்ட ஏடிஎக்ஸ்12விஓ என்ற பெயரில் பொதுவான தரமாக வகுத்தது. ஆனால் பெரிய நிறுவனங்கள் அதற்கு முன்பிருந்தே தத்தம் வழியில் இதைச் செய்துவந்ததால், ஒரு நிறுவனத்தின் 6 பின் இன்னொன்றின் 6 பின்னோடு ஒத்துப்போகாது.

24 பின்னை இந்தச் சிறிய சாக்கெட்டுக்கு மாற்றும் அடாப்டர் வயர்கள் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் "எல்லா மாடலுக்கும் பொருந்தும்" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மின்சாரத்தில் இணைத்து, கணினியை ஆன் செய்யாமல் ஒவ்வொரு பின்னாக அளந்து பார்த்தேன். அந்த நிலையில் காத்திருப்பு மின்சாரம் (கணினி அணைந்திருக்கும்போதும் வருவது) வரும் பின் மின்னழுத்தம் காட்ட வேண்டும். பழையதில் அது கிளிப் இருக்கும் பக்கத்து ஓரத்தில் இருந்தது. புதிய அடாப்டரிலோ எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அளக்காமல் செருகியிருந்தால் மதர்போர்டு அன்றே போயிருக்கும். உங்கள் டெஸ்க்டாப்பின் முழு மாடல் எண்ணைச் சொல்லி அதற்கென்றே விற்கப்படும் அடாப்டரை மட்டும் வாங்குங்கள்; அளக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு முறை சரிபார்த்தும் விடுங்கள். புதிய எஸ்எம்பிஎஸ்ஸின் பருமனும் ஸ்க்ரூ துளைகளும் உங்கள் கேபினெட்டுக்குப் பொருந்துகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இரண்டு தவறுகளை மட்டும் எந்த நிலையிலும் செய்யாதீர்கள். டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து கார்டுக்கு 6 பின் எடுத்துக்கொடுக்கும் மலிவான இணைப்பான்கள் விற்பனையில் இருக்கின்றன. ஒரு சாட்டா இணைப்பு 12 வோல்ட்டில் தாங்கக்கூடியது 54 வாட், கார்டின் 6 பின்னோ 75 வாட் கேட்கக்கூடியது. வயர் உருகுவது இப்படித்தான். மற்றொன்று, வயர்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதனுடன் வந்த வயர்களையே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது. வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் வயர் அழகாகப் பொருந்திவிட்டு டிஸ்க்கை எரித்துவிடும்.

இந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம் என்றால், எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடாமலே செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் தேவைக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். கார்டைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தானாகவே 75 வாட் வரை கொடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை 70 வாட்டில் இயங்குவதால் அதற்குத் தனி வயர் தேவையில்லை; உங்கள் 260 வாட் அதற்குப் போதும். வாங்கும்போது பெட்டியில் 6 ஜிபி என்று இருக்கிறதா எனப் பாருங்கள், ஏனெனில் அதே பெயருடைய 8 ஜிபி கார்டு 130 வாட் எடுப்பதால் அதற்குத் தனி வயர் வேண்டும். விலையைப் பார்த்து ஆர்எக்ஸ் 6400 என்ற கார்டின் பக்கம் போகாதீர்கள். அதில் வீடியோவை என்கோட் செய்யும் (முடித்த வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும்) வன்பொருள் கிடையாது, வீடியோ எடிட் செய்யும் உங்களுக்கு அது பெரிய இழப்பு.

எந்தக் கார்டானாலும் கேபினெட்டின் பின்பக்கத் தகட்டிலிருந்து ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இரட்டை விசிறிக் கார்டுகள் பல 24 செ.மீ. வரை நீளும், ஒற்றை விசிறியுடன் 17 செ.மீ. அளவிலும் கிடைக்கின்றன. தங்கை மகனின் கேபினெட்டில் 21 செ.மீ.தான் இருந்தது.

ரேம் விஷயம் எளிது. உங்கள் ப்ராசஸருக்கு டிடிஆர்4, 2666 வேகம். 3200 என்று எழுதியதை வாங்கினாலும் அது 2666-இல்தான் ஓடும், அதனால் கெடுதல் இல்லை. லேப்டாப்புக்கான குட்டை ரேமை வாங்கிவிடாமல், இருக்கும் 8 ஜிபிக்கு இணையாக இன்னொரு 8 ஜிபியைச் சேர்த்து இரண்டும் இரட்டைச் சேனலில் (ஒரே நேரத்தில் சேர்ந்து தரவைக் கடத்தும் முறையில்) இயங்கும்படி செய்யுங்கள். வீடியோ எடிட்டிங்கில் முதல் நாளே வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் இதில்தான். மூன்றில் ஒன்றை மட்டுமே இந்த மாதம் வாங்க முடியும் என்றால் ரேமை வாங்குங்கள்.

வீட்டில் 600 விஏ யுபிஎஸ் வைத்திருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த வகையில் பல 360 வாட் வரைதான் தாங்கும். ஆர்டிஎக்ஸ் 3060 போட்டு, மானிட்டரையும் அதிலேயே இணைத்தால், மின்வெட்டின்போது கேம் ஓடிக்கொண்டிருக்கும் கணினி அப்படியே அணைந்துவிடும் வாய்ப்பு உண்டு.

மாட்டும்போது மின்வயரைப் பிடுங்கிவிட்டு பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகு கார்டைக் கையில் எடுங்கள். ரேமின் இரு முனைகளும் க்ளிக் என்று பொருந்தும் வரை அழுத்த வேண்டும், பாதி ஏறிய ரேமால்தான் பெரும்பாலும் டிஸ்ப்ளே வராமல் போகிறது. எல்லாம் முடிந்த பிறகு மானிட்டர் வயரை மதர்போர்டின் பழைய சாக்கெட்டிலிருந்து எடுத்துக் கார்டில் செருகுங்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக இருக்கும் ஆம்பியரையும், மதர்போர்டு சாக்கெட்டில் எத்தனை பின் இருக்கின்றன என்பதையும் எழுதினால், எந்த அடாப்டர் என்று பார்த்துச் சொல்கிறேன்.