பிரஷ் கோடு தெரியாமல் பூச முடியுமா?

கேள்வி: ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர்விமானத்தின் 1/72 அளவு பிளாஸ்டிக் மாடலை ஒட்டி முடித்துவிட்டேன். அக்ரிலிக் பெயின்ட் அடித்தால் பிரஷ் கோடுகள் அப்படியே நிற்கின்றன. என்ன செய்வது?

பதில்: பெயின்டைப் புட்டியிலிருந்து நேராக எடுத்துப் பூசியிருப்பீர்கள். என் முதல் விமானத்தில் நானும் அப்படித்தான் செய்தேன். இறக்கையிலிருந்த நுணுக்கமான பேனல் கோடுகள் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்) மூடிப்போயின. சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பால் பதத்துக்கு இளக்குங்கள். மென்மையான தட்டை பிரஷ் நல்லது. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் இருக்கும், பதற வேண்டாம். நன்றாகக் காயவிட்டு அடுத்ததைப் பூசுங்கள். மூன்றாவதில் நிறம் நின்றுவிடும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ் பட்டால் அடிப்பூச்சு உரிந்து வரும். சரி, நிற வரிசை? 1940 விமானம் என்றால் முதலில் அடிப்பக்கத்து வெளிர்பச்சை, அப்புறம் மேலே மண்பழுப்பு, கடைசியில் கரும்பச்சை.