மழைக்காலம் முடிந்ததும் 4 வயது மகனுக்கு மாதக்கணக்கில் மூக்கு ஒழுகுகிறது. சளியா, அலர்ஜியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் மகளுக்கும் இதே வயதில்தான் ஆரம்பித்தது. கோவைக்கு வெளியே, காலி மனைகளுக்கு நடுவே எங்கள் வீடு. கார்த்திகை பிறந்தால் போதும், எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல், தண்ணீராக மூக்கு ஒழுகும். வெயில் ஏறியதும் ஒன்றும் நடக்காதது போல விளையாடப் போய்விடுவாள். சளி என்றே நினைத்து ஒரே சீசனில் மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தோம். அதை நினைத்தால் இன்னும் மனது கஷ்டப்படுகிறது.

கடைசியில் காட்டிக்கொடுத்தது அரிப்புதான். சளி என்றால் உடம்பு சோர்ந்துபோகும், காய்ச்சல் வரலாம், ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் விட்டுவிடும். அலர்ஜியில் காய்ச்சல் இருக்காது. மூக்கும் கண்ணும் அரிக்கும். அரிக்கிறது என்று சொல்லச் சின்னப் பிள்ளைக்குத் தெரியாது, அதனால் கையைக் கவனியுங்கள். இவள் உள்ளங்கையால் மூக்கு நுனியை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பாள். தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே மெல்லிய கோடே விழுந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே கருமை, ராத்திரி வாயைத் திறந்து குறட்டை.

இரண்டு வயதுக்குள் என்றால் மகரந்த அலர்ஜியாக இருப்பது அபூர்வம். அது வர ஒன்றிரண்டு சீசனாவது உடம்பு அந்த மகரந்தத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மருத்துவர் சொன்னபடி நாள்காட்டித் தாளிலேயே தும்மலைக் குறித்து வந்தேன். பின்மனையில் பார்த்தீனியக் களைச்செடி வெள்ளையாகப் பூத்த வாரங்களில் அதிகம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் தாளில் குறி விழுந்தது. தலைக்கு ஊற்றிவிட்டு அம்மா ஆசையாகப் போடும் சாம்பிராணிப் புகை! அதையும் கொசுவத்திச் சுருளையும் நிறுத்தி, கொசுவலை கட்டினோம். போகி அன்று காலையில் ஜன்னலைத் திறப்பதில்லை. பார்த்தீனியத்தை மண் ஈரமாக இருக்கும்போதே, பூப்பதற்கு முன், கையுறை போட்டுப் பெரியவர்கள் பிடுங்கிவிடுகிறோம். வெளியே விளையாடி வந்ததும் முகம் கழுவி உடை மாற்றுவது, தலையணை உறையை வாராவாரம் கொதிக்கும் சூட்டு நீரில் துவைப்பது, அவ்வளவுதான்.

சரி, மருந்து. கடையில் கேட்டு சிரப் வாங்காதீர்கள். குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று அட்டையில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே உத்தரவிட்டது. தூக்கம் அதிகம் தராத செட்ரிசின் போன்ற அலர்ஜி மருந்துகளை எடையும் வயதும் பார்த்துக் குழந்தை மருத்துவர் எழுதித் தருவார். மான்டெலுகாஸ்ட் என்ற அலர்ஜி, ஆஸ்துமா மருந்து சேர்ந்த சிரப் எழுதினால் அவசியம்தானா என்று தயங்காமல் கேளுங்கள். கெட்ட கனவு, எரிச்சல், மனநிலை மாற்றம் வரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-ல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கை விதித்தது. லேசான மூக்கு அலர்ஜிக்குத் தவிர்க்கவே சொல்கிறது.

எங்களுக்குப் பலன் தந்தது உப்புநீர்ச் சொட்டும் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயும்தான். ஸ்டீராய்டு என்றதும் நானும் பயந்தேன். சில வகைகளை 2 வயதிலிருந்தே தரலாம், அளவு மிகக் குறைவு என்று மருத்துவர் விளக்கினார். மூக்கின் நடுச்சுவரில் படாமல், அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தைப் பார்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கசியலாம். ஒரே நாளில் கேட்காது. இரண்டு வாரம் விடாமல் அடித்த பிறகுதான் குறட்டை நின்றது.

ராத்திரியிலோ ஓடியாடிய பிறகோ இருமல் வந்தால் மூக்கோடு நிற்கவில்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம். அந்த வாரமே காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போது விலா உள்ளே இழுத்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.