மாவை யார் அரைப்பது?

வணக்கம் ஐயா,

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பாடசாலையில் பாரம்பரிய உணவுக் கண்காட்சி நடத்தினோம். குரக்கன் பிட்டு, சாமைச் சோறு, உழுத்தங்களி, ஒடியற்கூழ் என்று மேசை நிறைந்திருந்தது. வந்தவர்கள் எல்லோரும் படம் எடுத்தார்கள். மறுநாள் இடைவேளையில் அதே பிள்ளைகளின் கையில் பணிசும் பக்கற் மிக்சரும்தான் இருந்தன. ஒரு தாய், "ரீச்சர், குரக்கன் சாப்பிட்டால் சீனி வருத்தம் மாறுமா?" என்று கேட்டார். இன்னொருவர், "அந்த நேரம் வேற வழியில்லாமல் திண்டதை இப்ப ஏன் திருப்பித் தாறியள்?" என்றார். இருவருக்கும் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. போதாததற்குக் கூழும் கசந்துவிட்டது. நாங்கள் எங்கே தவறினோம்?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டாவது தாயின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாரம்பரிய உணவைப் பற்றி எழுதுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், அந்தக் கேள்வி காதில் விழாதவர்கள்போல் நடந்துகொள்வது வழக்கம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை வன்னியில் கழித்தவர்களுக்கு, கிடைத்ததைக் காய்ச்சிக் குடிப்பது என்பது உடல்நலத்தை எண்ணிச் செய்த தெரிவன்று. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆண்டுதோறும் மே மாதத்தில் அந்தக் கஞ்சியைத்தான் நினைவாகக் காய்ச்சிப் பகிர்கிறோம். அப்படி வாழ்ந்த ஒருத்திக்கு, தன் உழைப்பில் வாங்கிய ஒரு றாத்தல் பாண், அந்தக் காலம் முடிந்துவிட்டது என்பதற்கான சாட்சி. அவரிடம் போய்ப் பாண் கூடாது, கஞ்சி நல்லது என்று சொல்லும்போது நம்முடைய சொற்கள் அவர் காதில் எப்படி விழும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. முள்ளியவளையில் என் அம்மம்மாவின் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு திரிகை இருந்தது. குரக்கன் பிட்டு என்றால் முதல்நாள் மாலையே சாக்கை விரித்து அதன்முன் உட்கார்ந்துவிடுவார்; இடது கையால் ஒரு பிடி குரக்கனைக் குழிக்குள் விடுவதும், வலது கையால் பிடியைச் சுற்றுவதுமாக, கல்லின் விளிம்பைச் சுற்றிப் பாக்கு நிறத்தில் மா வந்து விழும். அரிதட்டில் அரித்து, மேலே நின்ற கப்பியை மீண்டும் கல்லில் இடுவார். விடியற்காலையில் அதைத் தெளித்துக் குழைத்து, தேங்காய்ப்பூ சேர்த்து, நீத்துப்பெட்டியில் அவித்து இறக்கும்போது எங்களுக்கு அந்த வாசனைதான் தெரிந்தது. அவருடைய தோள்மூட்டு நோவு எங்களுக்குத் தெரியவில்லை. ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நிறையப் பேச்சுகளைக் கேட்டேன்; அந்தத் தோளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. உங்கள் கண்காட்சி மேசையிலிருந்த பண்டங்களையும் தாய்மார்தான் செய்து அனுப்பியிருப்பார்கள். போருக்குப் பின் தனித்து நின்று குடும்பம் நடத்தும் பெண்கள் ஏராளமாக உள்ள பிரதேசம் இது. காலை ஆறரைக்கு வேலைக்குப் புறப்படும் ஒருத்தி பிள்ளையின் கையில் பணிசைக் கொடுத்தால், அது அறியாமையினாலன்று, நேரமின்மையினால்தான்.

ஆகவே, நமது உணவை மீட்க வேண்டும் என்று யாராவது என்னிடம் சொன்னால், மாவை யார் அரைப்பது என்று கேட்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் உருவான அம்மாச்சி உணவகங்களை நான் மதிப்பது இதனால்தான். அங்கே குரக்கன் ரொட்டியும் இலைக்கஞ்சியும் செய்யும் பெண்களுக்கு அந்த உழைப்பே வருமானம். வீட்டில் அதே வேலையைச் செய்தால் பாராட்டு மட்டும்தான் கிடைக்கும், அதுவும் எப்போதாவது.

முதல் தாய்க்குச் சொல்ல வேண்டியது சுருக்கமானது: மாறாது. குரக்கனிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்துத்தான். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்ற துணிவில் நான்கு குரக்கன் ரொட்டி சாப்பிடுகிறவரின் இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும். திரிகையில் அரைத்த மாவில் தவிடும் கப்பியும் இருப்பதனால் அது மெல்லச் செரிக்கும். ஆலையில் பொடியாக அரைத்துப் பக்கற்றில் வருவது விரைவாகச் செரிக்கும், அதனுடன் பாதிக்குப் பாதி கோதுமை மாவைக் கலந்தால் சொல்லவே வேண்டாம். கிளினிக்கில் கொடுத்த குளிசையைக் குரக்கனை நம்பி யாரும் நிறுத்திவிடக் கூடாது. குரக்கனின் உண்மையான பெருமை கல்சியம்: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, தீட்டிய வெள்ளை அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவுதான். வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் அதைக் கொடுங்கள் என்று சொல்வதே நேர்மையானது.

உங்கள் பாடசாலையில் தாய்மார் மதிய உணவு சமைக்கிறார்கள் என்றால், கண்காட்சியை விட்டுவிட்டு அந்த அடுப்படிக்குப் போங்கள். குரக்கனிலிருந்து தொடங்க வேண்டாம். கூடுதல் உழைப்பைக் கேட்காதவற்றிலிருந்து தொடங்குங்கள். புழுங்கல் அரிசி அவற்றுள் ஒன்று: நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வகை விற்றமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால், ஆலையில் தீட்டிய பிறகும் பச்சையரிசியைவிட அதில் சத்து எஞ்சியிருக்கும். வேலியோரத்து முருங்கையிலை மற்றொன்று. நம்மவர்கள் முருங்கையிலை வறையை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே தேசிக்காய்ப் புளி விடுவார்கள். கொதிக்கும்போது விட்டால் கசக்கும் என்று காரணம் சொல்வார்கள். அந்தப் புளியிலுள்ள விற்றமின் சி சூட்டில் அழியாமல் நின்று, இலையிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவுகிறது என்பது அவர்கள் சொல்லாத காரணம். ஆனால் அதே நம்மவர்கள்தான் சாப்பிட்டுக் கைகழுவியதும் ஒரு பிளேன்டீ குடித்து, அந்த இரும்பைப் பெருமளவு உடலில் சேரவிடாமல் செய்துவிடுகிறார்கள். தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைக்க யாருக்கும் பணமோ உழைப்போ தேவையில்லை. பழையன எல்லாமே ஞானம் என்று நான் எழுதாமலிருப்பதற்கு இந்தப் பிளேன்டீயும் ஒரு காரணம்.

பிள்ளைகளுக்குக் கையில் கொடுத்தனுப்ப ஏதாவது வேண்டுமென்றால், அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், பனங்கிழங்குக் காலத்தில் அவித்த கிழங்கும், முறிகண்டியில் நாம் எல்லோரும் இறங்கி வாங்குகிற கச்சானும் பணிசுக்கு ஈடு கொடுக்கும். பாலைப்பழக் காலத்தில் நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. உதட்டில் ஒட்டிய பாலுடன் அவர்களே வகுப்புக்கு வருவார்கள்.

கூழ் கசந்த காரணம் ஒடியல் மாவை ஊறவைக்காததாக இருக்கலாம். ஒடியல் என்பது பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தது. புழுக்கொடியலைப்போல் அவித்ததன்று, ஆகவே கசப்பு மாவிலேயே தங்கியிருக்கும். மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து, அடியில் படியும்வரை வைத்து, மேலே தெளிந்த நீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விட வேண்டும். இதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். பிறகு மீனும் நண்டும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் நன்றாக அவிந்த பின்பே மாவைக் கரைத்து ஊற்றுங்கள். ஊற்றியதிலிருந்து கை ஓயாமல் துழாவ வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடித்துவிடும். அந்த வேலையை அடுத்த முறை தந்தையரில் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.