ஆசிரியர் பதில்: சுண்டிக்குளத்தில் காடு யாருக்காக வெட்டப்படுகிறது?

கேள்வி: சுண்டிக்குளம் தேசிய பூங்காவின் எல்லைக்குள் பற்றைக்காடும் கண்டலும் அழிக்கப்படுவதாக எங்கள் பகுதியில் சிலர் முறையிட்டுக்கொண்டு திரிகிறார்கள். பூங்கா என்ற பெயரில் மக்களின் காணிகளை எடுத்துக்கொண்ட வனசீவராசிகள் திணைக்களத்துக்காக நாங்கள் ஏன் காடு காக்க வேண்டும்? போரில் அழிந்ததோடு ஒப்பிட்டால் இது எம்மாத்திரம்? வெட்டுகிறவர்களும் எங்கள் ஆட்கள்தானே?
– வாசகர் ஒருவர், மருதங்கேணி

பதில்: வெட்டுகிறவர்களும் எங்கள் ஆட்கள்தானே என்று கேட்கிற நீங்கள், முறையிடுகிறவர்கள் யாருடைய ஆட்கள் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். களப்பில் இறாலுக்கு வலை வீசுகிறவரும், மணலில் கிணறு தோண்டிக் குடிநீர் அள்ளுகிறவரும், பற்றைக்குள் மாடு மேய்க்கிறவரும் உங்கள் ஊரவர்களே. காடு வெட்டப்படும்போது முதலில் இழக்கிறவர்கள் இவர்கள். இவர்களுடைய முறைப்பாட்டைத் திணைக்களத்துக்கு ஆதரவான குரல் என்று நீங்கள் ஒதுக்கிவிட்டால், பிறகு இவர்களுக்காகப் பேச யாரும் மிஞ்சமாட்டார்கள்.

காணி பற்றிய உங்கள் மனக்குறை நியாயமானது. சுண்டிக்குளம் 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். மக்கள் தங்கள் வழமையான தொழிலைச் செய்துகொண்டு அங்கே வாழலாம். ஆனால் 2015 யூன் மாதத்தில் அது 19,565 ஹெக்டேயர் பரப்புள்ள தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டபோது நிலைமை மாறியது. தேசிய பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். மீள்குடியேறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த குடும்பங்களுக்கு, பாட்டன் காலத்திலிருந்து நடந்த பாதையில் நடப்பதே குற்றமாகிவிடுமோ என்ற அச்சத்தை அந்த வர்த்தமானி கொடுத்ததில் வியப்பில்லை. அந்த அச்சம் ஆறுவதற்குள், 2025 மார்ச் 28இல் வடக்கில் 5,941 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் முன்வர வேண்டும் என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. அதில் 3,669 ஏக்கர் யாழ்ப்பாண மாவட்டத்துக்குரியது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்கும்வரை மக்கள் பட்ட பதைப்பு எமக்கும் தெரியும்.

ஆனால் இந்தக் குறைக்கு மருந்து காட்டை வெட்டுவதில் இல்லை. தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அரச காணியை மட்டுமே தேசிய ஒதுக்கிடமாக அறிவிக்க முடியும். தேசிய பூங்காவும் அந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே எல்லைக்குள் உறுதிக் காணி அகப்பட்டிருந்தால், உறுதியையும் பழைய நில அளவைப் படத்தையும் வைத்துக்கொண்டு அந்த எல்லையையே சட்டப்படி கேள்விக்கு உட்படுத்தலாம். இது வலுவான வாதம். இந்த வாதத்தை வைத்திருக்கிறவர், இரவோடிரவாகப் பற்றையைத் தள்ளித் தீ மூட்ட வேண்டிய தேவை என்ன? அப்படிச் செய்கிறவரின் கையில் பெரும்பாலும் உறுதி இருப்பதில்லை என்பதுதான் எமது அவதானம்.

காடழிப்பு எப்படி நடக்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அதன் ஒழுங்கு தெரியும். முதலில் உழவு இயந்திரம் போகுமளவுக்கு ஒரு தடம் வெட்டப்படும். பின்னர் பெக்கோ வந்து பற்றையை ஓரமாகத் தள்ளிக் குவிக்கும். குவியல் காய்ந்ததும் எரியும். அதன் பிறகு சீமெந்துத் தூண் நட்டு முட்கம்பி இழுப்பார்கள். உள்ளே பத்துப் பதினைந்து தென்னம்பிள்ளைகள் நடப்படும். அதிகாரி எவரும் கேட்டால், காலங்காலமாகச் செய்கை பண்ணிய காணி என்று காட்டுவதற்கு அவை போதும். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பிள்ளைகள் கருகுவதைப் பற்றி எவரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அதற்குள் டிப்பர்கள் மணல் ஏற்றத் தொடங்கியிருக்கும். பெக்கோவுக்கு ஒரு நாள் வாடகை கொடுக்கவும், டிப்பர் வைத்திருக்கவும் வசதியுள்ளவரா உங்கள் ஊரில் காணியில்லாமல் நிற்கிறவர்? அரசுக்கும் மக்களுக்கும் எல்லைத் தகராறு இருக்கும்வரை, எரிகிற வீட்டில் பிடுங்கினது இலாபம் என்று நினைக்கிறவர்களுக்கே அது வாய்ப்பு.

இனி, அந்தப் பற்றைக்காடு உங்களுக்கு என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழை மண்ணுக்குள் இறங்கித் தங்கினால் மட்டுமே நமக்குத் தண்ணீர். வடமராட்சி கிழக்கின் மணற்பரப்பில் அந்த நன்னீர், கீழேயிருக்கும் உவர்நீரைவிடப் பாரம் குறைந்ததாகையால், அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு உவர்நீர் ஏறிவராமல் அது அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மறுபுறம், மேலே 1 அடி குறைந்தால் கீழே 40 அடியை உவர் பிடித்துக்கொள்ளும். மணலைப் பிடித்து வைத்திருக்கும் பற்றையை எடுத்து, மணல்மேட்டையும் அள்ளிவிட்டால், மழைநீரை ஏந்தி வைத்திருந்த இடமே இல்லாமற் போகிறது. இன்று வாளியால் எட்டித் தொட்டு அள்ளும் கிணற்று நீர் உவர்த்த பிறகு, பவுசரில் வரும் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கப்போவது பெக்கோ கொண்டுவந்தவர் அல்லர்.

கண்டலின் கதையும் இதுவே. களப்போரத்துச் சேற்றில் அதன் வேர்களுக்கிடையில்தான் இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் பெரிய மீனுக்குத் தப்பி வளர்கின்றன. கண்டலை விறகுக்கோ, வாடி அடிக்கவோ, இறால் பண்ணைக்கோ வெளியாக்கினால், களப்பில் வலை வீசுகிறவரின் மீன்பாடு குறையும். பூநாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும் இடம் என்பதற்காக மட்டும் சுண்டிக்குளத்தைக் காக்க வேண்டும் என்று நாம் சொன்னாலும் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எனினும் உங்களுக்குப் பறவையைவிட மனிதர் முக்கியமென்றால், இந்த மனிதர்களையும் கணக்கில் எடுங்கள்.

போரைப் பற்றிச் சொன்னீர்கள். பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளை இந்த மண் மறக்கவில்லை. அவ்வளவும் போன பிறகு மிஞ்சியிருப்பதை வெட்டுவதற்கு அது எப்படி அனுமதியாகும்?

இடம்பெயர்ந்தவர்களின் காணித் தேவையும் காடும் மோதிய வழக்கொன்று நம் மாகாணத்திலேயே இருக்கிறது. 1990இல் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களை மீளக் குடியேற்றுவதென்ற பெயரில், மன்னாரின் தெற்கே, வில்பத்துவை அண்டிய கல்லாறு காட்டுப்பகுதி வெட்டப்பட்டது. அந்த மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி பெரியது. அவர்கள் திரும்பி வர வேண்டியவர்கள். ஆயினும் 2020 நவம்பர் 16இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் காடழிப்பைச் சட்டவிரோதமென்று கண்டு, அதற்குக் காரணமாயிருந்த முன்னாள் அமைச்சர் தனது சொந்தச் செலவில் மரம் நட வேண்டுமென உத்தரவிட்டது. விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கிடத்தின் ஒரு பகுதியை நீருயிரின வளர்ப்புக்கென 2024இல் அரசே விடுவிக்க முனைந்தபோதும் நீதிமன்றத்தில் தடை கிடைத்தது. காட்டைக் காப்பது அரசுக்கு வால்பிடிப்பது என்று நினைக்கிற நீங்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: பொறுப்பு அமைச்சர்மேல் விழுந்தது, தடை அரசுக்கு எதிராக வந்தது.

உங்கள் ஊரவர்களுக்கு நாம் சொல்வது இது. முறைப்பாட்டை வாய்மொழியாகச் சொல்லி விடாதீர்கள். வெட்டப்பட்ட இடம், திகதி, வாகன இலக்கம், படம் ஆகியவற்றோடு எழுத்தில் பிரதேச செயலாளருக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்குங்கள். தேசிய ஒதுக்கிடத்தின் எல்லையிலிருந்து 1 மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்வதற்கும் அத்திணைக்களத்தின் முன்னனுமதி தேவை என்பதால், வேலை எல்லைக்கு வெளியே நடக்கிறது என்ற சாட்டுப்போக்கை ஏற்க வேண்டியதில்லை. கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பூங்காவின் எல்லை விவரத்தையும் நில அளவைப் படத்தையும், அங்கே மணல் அகழவோ நிலம் வெளியாக்கவோ எவருக்காவது அனுமதி வழங்கப்பட்டிருந்தால் அதன் பிரதியையும் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலைநாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். அந்த எல்லைப் படம் கைக்கு வந்தால், உறுதி வைத்திருப்பவரின் காணிப் பிரச்சினைக்கும் அதே படம் உதவும். மறுமொழி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், விண்ணப்பத்தின் பிரதியை எமக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுவோம்.