பழைய இலவச லேப்டாப்பைத் திறந்து நானே ரேம், எஸ்எஸ்டி மாற்றலாமா? கடையில் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்

மாற்றலாம். கேள்வியில் இருந்த அந்தத் "தூக்கிப் போடச் சொல்கிறார்கள்" என்பதைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

உங்களுடையதும் 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூவில் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடையது 2013-ல் வந்தது. 2 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது மட்டும் பயன்படுகிற தற்காலிக நினைவகம்), 320 ஜிபி ஹார்டு டிஸ்க், மூடியில் அரசு முத்திரை. நான் ஹார்டுவேர் படித்தவன் இல்லை, பி.காம். தப்பு இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள், திட்டாதீர்கள்.

2019-ல் அதை ஆன் செய்துவிட்டுப் பல் தேய்த்து, காபி குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டும். ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிற தட்டு இருக்கிறது, அதன் மேல் ஒரு முனை அங்கும் இங்கும் ஓடித்தான் ஒவ்வொரு ஃபைலையும் தேடி எடுக்கும். அதற்குப் பதிலாகப் போடுகிற எஸ்எஸ்டி சிப்பிலேயே எல்லாவற்றையும் சேமிக்கும், அதில் ஓடுவதற்கு எதுவும் இல்லை. "பழைய போர்டில் சாட்டா 2தான் (டிஸ்க்கை இணைக்கிற பழைய வகை இணைப்பு) இருக்கும், எஸ்எஸ்டி முழு வேகம் போகாது" என்று யாராவது வருவார்கள். போகாதுதான் ஐயா. பாதி வேகம் போனாலே எங்களுக்குத் திருவிழா.

ஆகவே முதலில் எஸ்எஸ்டி. 240 ஜிபி வாங்கினேன். பழைய டிஸ்க்கின் தடிமன் 9.5 மில்லிமீட்டர், புதிது 7. மாட்டினால் உள்ளே ஆடியது. வீட்டில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி அடியில் வைத்தேன். இன்றுவரை அதுதான் தாங்குகிறது. அந்தத் தம்பதிக்கு இரண்டு குழந்தைகளும் பிறந்துவிட்டன. பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு வைத்துக்கொண்டேன், போட்டோக்கள் எல்லாம் அதில் பத்திரம்.

ஸ்க்ரூ விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுவிட்டேன். பார்க்க ஒரே மாதிரிதான் இருந்தன, ஆனால் நீளம் வேறு வேறு. நீளமான ஒன்றைக் குட்டை ஓட்டையில் வைத்து முடுக்கியதில் டச்பேடுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கொப்புளம் மாதிரி எழும்பிவிட்டது. இன்றைக்கும் உள்ளங்கையில் இடிக்கும். நீங்கள் காலண்டர் தாளின் பின்பக்கம் லேப்டாப்பின் அடிப்பாகத்தைக் குத்துமதிப்பாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேயே செலோ டேப்பால் ஒட்டி வையுங்கள்.

அப்புறம் ரேம். பழைய ஸ்டிக்கைக் கழற்றி லேபிளைப் படியுங்கள். பிசி3 என்றால் 1.5 வோல்ட், பிசி3எல் என்றால் 1.35 வோல்ட். "எல்" இருந்தால் "எல்" உள்ளதையே கேட்டு வாங்குங்கள். செருகும்போது சாய்வாக வைத்து உள்ளே தள்ளி, கிளிக் என்று இரண்டு பக்கக் கொக்கியும் பிடிக்கும்வரை அழுத்த வேண்டும். எனக்கு முதல் தடவை கறுப்புத் திரைதான் வந்தது. கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, சரியாக அழுத்தினேன், வந்துவிட்டது.

வந்த சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. 2 ஜிபியோடு 4 ஜிபி சேர்த்தால் 6 வர வேண்டும், விண்டோஸ் ஏறக்குறைய 3 என்றது. ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, பூங்கா நிலையத்தில் இறங்கி, வெயிலில் நடந்து, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ரேம் வாங்கிய கடையைத் தேடிப் பிடித்துக் கத்தினேன். அங்கிருந்த பெரியவர் என் லேப்டாப்பை வாங்கி இரண்டு கிளிக் செய்து திரையை என் பக்கம் திருப்பினார். "தம்பி, ரேம் நல்லாத்தான் இருக்கு. நீ போட்டிருக்கிறது 32 பிட் விண்டோஸ். அதுக்கு 4 ஜிபிக்கு மேல எண்ணத் தெரியாது. அதுலயும் கொஞ்சத்தை மத்த சாமானுக்கு ஒதுக்கிடும்." சுற்றி நான்கு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச இயங்குதளத்தின் 64 பிட் பதிப்பைப் போட்டேன், 6 ஜிபியும் தெரிந்தது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் உங்களுக்கும் அதையே சொல்வேன். லினக்ஸில் கணக்கு எழுதுகிற டேலி ஓடுமா என்று கேட்காதீர்கள், அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

"ஓசி லேப்டாப்புக்கு எதுக்குப்பா இவ்வளவு செலவு?" என்று கேட்டவர் என் மச்சான். இதைப் பிரித்துப் பூட்டியதை வேடிக்கை பார்த்த பிறகு, 24 முனைகள் உள்ள என் ஸ்க்ரூடிரைவர் செட்டை "இரண்டு நாளில் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனார். மூன்று வருடம் ஆயிற்று. கேட்டால் அக்கா கோபித்துக்கொள்வாள். போன பொங்கலுக்கு அவர் வீட்டு மிக்ஸியை அதே செட்டை வைத்துச் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தேன், செட் அங்கேயே இருக்கிறது. சரி, இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்.

பேட்டரி பேக்கைப் பிளந்து உள்ளே புது செல் வைக்கிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதை மட்டும் முயலாதீர்கள். லித்தியம் செல் தீப்பிடித்தால் பத்திரிகை அட்டை வைத்துச் சமாளிக்க முடியாது. உப்பியிருந்தால் தொடவே வேண்டாம், முழு பேக்கை மாற்றுங்கள். திறப்பதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். கீபோர்டு ரிப்பனை (போர்டுக்குப் போகும் தட்டை வயரை) இழுக்காமல், அதன் சின்னப் பூட்டை நகத்தால் தூக்கிவிட்டு எடுங்கள்.

மாட்டியதும் எல்லா ஸ்க்ரூவையும் முடுக்கிவிடாதீர்கள். பேட்டரியைப் போட்டு ஆன் செய்து, பயாஸில் (விண்டோஸோ லினக்ஸோ வருவதற்கு முன் திறக்கிற அமைப்புத் திரை) எஸ்எஸ்டியின் பெயரும் ரேமின் அளவும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள். நான் மூன்று தடவை மூடித் திறந்தேன்.