ஓட்டு யாருக்குன்னு தெரியுமாம்!

கேள்வி: வெள்ளத்தில் எங்கள் காலனியில் எல்லா வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. ஊர்த்தெருவுக்கெல்லாம் நிவாரண டோக்கன் கொடுத்தார்கள், எங்களுக்கு மட்டும் இல்லை. கேட்டதற்கு உள்ளூர் கட்சிக்காரர், "யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு தெரியும். இன்னும் பேசினா ரேஷன் கார்டையே தூக்கிடுவோம்" என்கிறார். நிஜமாகவே தெரியுமா? கார்டு போய்விடுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கார்டு போகாது, சகோதரி. அதை ரத்து செய்வது வட்ட வழங்கல் அலுவலரின் வேலை. கட்சிக்காரருக்கு அந்த அதிகாரம் கிடையாது.

ஓட்டு விஷயத்தில் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மிரட்டல் எடுபடுவதும் அதனால்தான். நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் முடிவுகள் பூத் வாரியாக வெளியாவதால், உங்கள் பூத்தில் அவர் கட்சிக்கு எவ்வளவு விழுந்தது என்று தெரியும். பல பூத்களின் ஓட்டைச் சேர்த்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. சட்ட ஆணையமும் 2015-ல் பரிந்துரைத்தது. இன்னும் வந்தபாடில்லை. கட்சிகளுக்கு என்ன அவசரம்!

சரி, டோக்கனுக்கு வருவோம். 2023 மிக்ஜாம் புயலின்போது விடுபட்டவர்களிடம் ரேஷன் கடையிலேயே விண்ணப்பம் வாங்கினார்கள். அதனால் தேதி முடிந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கார்டு எண்கள், தண்ணீர் நின்ற படங்கள், எல்லா வீட்டாரின் கையெழுத்தோடு ஒரே மனுவாக எழுதி, கூட்டமாகவே தாலுகா ஆபீஸுக்குப் போங்கள். தனியாகப் போனால் 'அந்தம்மா தூண்டிவிடுது' என்று உங்கள் பெயர்தான் அடிபடும். அங்கே நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். இந்த மனுவில் கட்சிக்காரர் பேச்சே வேண்டாம். அதைச் சேர்த்தால் 'அரசியல் தகராறு' என்று ஓரங்கட்டிவிடுவார்கள்.

கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். பெயர்ப் பட்டியல் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுக்கக்கூடும். உங்கள் ரேஷன் கடையில் தெருவாரியாக எத்தனை கார்டுக்கு டோக்கன் போனது என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

மிரட்டல் தனிக் கதை. நீங்கள் பட்டியல் சாதியினராகவும், மிரட்டியவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உங்கள் பக்கம். வாக்குப்பதிவுக்குப் பின் உங்களுக்குச் சேர வேண்டிய அரசு சேவையின் பலனைத் தடுப்பதையே அது குற்றமாகச் சொல்கிறது. விசாரிப்பவர் டிஎஸ்பி. ஒரே ஊரில் வாழ வேண்டியவர்கள் நீங்கள், எனவே புகாரை இன்றே கொடுக்கச் சொல்ல மாட்டேன். மனு கொடுத்த பிறகும் வாசலில் வந்து பேசினால் யோசிக்காதீர்கள். ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்காக, கட்சிக்காரர் சொன்ன வார்த்தைகளை இன்றே அப்படியே எழுதி, தேதியும் கூட இருந்து கேட்டவர்கள் பெயரும் குறித்து வையுங்கள்.